நடுவில் இறங்கிய ஹெலிகொப்டர்

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டு நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. பேசியபடியே தரப்படுகிறது, சில இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டுள்ளன.)



பேசச் சொன்னபோது தலைப்பையும் சங்கத்தார் கொடுத்துவிட்டார்கள். "துணிவு." நூற்றாண்டு விழா என்றால் இப்படித்தான் தலைப்பு வரும். நான் வரலாறு படிப்பித்தவள். துணிவைப் பற்றி ஒரு மணிநேரம் உபதேசம் செய்ய எனக்கு வராது. ஒரு கதையைச் சொல்லத் தெரியும். அதைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

கடந்த நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மலை சரிந்தது, வீதி அறுந்தது, கரண்ட் போனது, போன் போனது. பதுளை மாவட்டம் பட்ட பாட்டை நான் பதுளைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த நாட்களில் நமுனுகுல பக்கத்து மேகத்துக்குக் கீழே ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வெளியே ஓடி வந்து கை அசைத்தார்கள். என் பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பிள்ளை கேட்டாள்: "மிஸ், அத ஓட்டுறவங்களுக்கு மெடல் குடுப்பாங்களா?" குடுப்பாங்க என்று சொன்னேன். அதற்குள் லுணுவிலயில் நிவாரண வேலையில் இருந்த ஒரு பெல் 212 ஹெலிகொப்டர் விழுந்து அதன் விமானி இறந்துபோனார் என்ற செய்தி வந்தது.

அன்று இரவு அந்தப் பிள்ளையின் கேள்வி எனக்குள் வேறு மாதிரித் திரும்பியது. எங்கள் சித்தப்பா குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனது. இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்காவது அப்படிப் போன சொந்தம் இருக்கும். சித்தப்பாவின் மகள் பிறகொரு காலத்தில் இங்கே வந்து எங்களோடு தங்கியிருந்தாள். ஒருநாள் வானத்தில் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது. நான் பார்க்க வாசலுக்கு ஓடினேன். அவள் கட்டிலுக்குக் கீழே போய்விட்டாள். ஒரே சத்தம்தான். பதினைந்து வயதில் எனக்கு அது விளங்கவில்லை. அவளைப் பார்த்துச் சிரித்தேன் என்பதை இன்று இந்த மேடையில் சொல்லிக்கொள்கிறேன்.

ஆகவே ஹெலிகொப்டர் விமானி, பதக்கம், வீரம் என்று சொன்னால் நம்மவர்களுக்கு அது சுலபமான பேச்சு அல்ல. 1987 ஒக்டோபர் 11ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இந்தியாவின் எம்.ஐ. 8 ஹெலிகொப்டர்கள் படையினரை இறக்கின. கீழே இருந்தவர்களுக்கு இவர்கள் வருவது முன்பே தெரிந்திருந்தது. சரமாரியான சூட்டுக்குள் அந்த விமானிகள் திரும்பத் திரும்ப வந்தார்கள். சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் 13வது பட்டாலியனிலிருந்து இறங்கிய 30 பேரில் ஒருவர் மட்டுமே உயிர் தப்பினார். விமானிகளில் சிலருக்கு வீர் சக்கரா கிடைத்தது. வீரம் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆனால் அடுத்த இரண்டு வாரம் யாழ்ப்பாணத்தில் சனங்கள் பட்டதை நினைத்தால், அந்தப் பதக்கத்துக்குக் கை தட்டுங்கள் என்று ஒரு யாழ்ப்பாணத்துத் தாயிடம் கேட்க முடியுமா?

இன்னொரு பெயர். ஃப்ளைட் லெப்டினன்ட் முகிலன். பெயரே தமிழ். கார்கில் போரில் 1999 மே 28ஆம் திகதி டோலோலிங் மலைமுகட்டின் மேல் எம்.ஐ. 17 ஹெலிகொப்டரில் இருந்தவர். ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புந்திரும் இரண்டு சார்ஜன்ட்களும் கூட இருந்தார்கள். ரொக்கட் வீசிவிட்டுத் திரும்பும்போது கீழேயிருந்து தோளில் வைத்துச் சுடும் ஸ்டிங்கர் ஏவுகணை பட்டது. நால்வரும் போனார்கள். வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணையைத் திசைதிருப்பத் தீச்சுடர் வீசும் கருவி ஒன்று உண்டு. அவர்களுடைய ஹெலிகொப்டரில் அது பொருத்தப்பட்டிருக்கவில்லை. அதன்பின் அந்த மலைகளில் எம்.ஐ. 17ஐத் தாக்குதலுக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். நால்வருக்கும் மரணத்தின் பின் வாயு சேனா பதக்கம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பதக்கத்தைவிட அந்தக் கருவிதான் நினைவுக்கு வருகிறது.

பெண்கள் இல்லையா என்று பின்வரிசை கேட்கும். இருக்கிறார்கள். அதே கார்கிலில் குஞ்சன் சக்சேனா சீட்டா என்ற சின்ன ஹெலிகொப்டரில் காயப்பட்டவர்களை ஏற்றி வந்தார். பிரித்தானிய விமானப்படையின் மிஷெல் குட்மன் 2007இல் பஸ்ராவில், குண்டு விழுந்துகொண்டிருந்தபோது இரவில் இறங்கி, சாகக் கிடந்த ஒரு சிப்பாயைத் தூக்கி வந்தார். அந்த நாட்டின் பறப்பு வீரப் பதக்கத்தைப் பெற்ற முதல் பெண் அவர். நமது நாட்டு விமானப்படையில் பெண் விமானிகள் வந்தது 2020இல்தான். இங்கேயிருந்து ஒரு பிள்ளை போகட்டும். உயர்தரத்தில் கணிதமும் பௌதிகமும் எடுங்கள், பிறகு பேசுவோம்.

நான் சொல்ல வந்த கதை இது ஒன்றும் அல்ல.

ஹியூ தொம்சன் என்று ஒரு அமெரிக்கர். ஜோர்ஜியா மாநிலத்துக்காரர். 1968இல் வியட்நாமில் ஹெலிகொப்டர் விமானி, வயது இருபத்துநான்கு. அவர் ஓட்டியது ஓ.எச். 23 என்ற மிகச் சின்ன ஹெலிகொப்டர். முன்பக்கம் முழுதும் கண்ணாடிக் குமிழ். அதற்குள் மூன்று பேர்: தொம்சன், இருபது வயது கிளென் அண்ட்ரியொட்டா, பதினெட்டு வயது லோரன்ஸ் கோல்பேர்ன். பதினெட்டு என்றால் நம் உயர்தரப் பிள்ளைகளின் வயது. அவர்களுடைய வேலை என்ன தெரியுமா? தாழப் பறந்து எதிரியைத் தங்களை நோக்கிச் சுட வைப்பது. எங்கிருந்து சூடு வருகிறது என்று தெரிந்தால் மேலே வரும் பெரிய ஹெலிகொப்டர்கள் அந்த இடத்தைத் தாக்கும். தூண்டிலில் குத்திய புழுவின் உத்தியோகம்.

1968 மார்ச் 16. குவாங் ங்காய் மாகாணம், சொன் மை கிராமம். அதன் ஒரு பகுதியை அமெரிக்கர் தங்கள் வரைபடத்தில் மை லாய் என்று குறித்திருந்தார்கள். காலையில் சார்லி கொம்பனி என்ற படைப்பிரிவு இறங்கியது. தொம்சன் மேலே சுற்றுகிறார். எதிரிப் படையே இல்லை. வயல், குடிசை, சந்தைக்குக் கிளம்பிய சனங்கள். காயப்பட்ட பொதுமக்கள் கிடக்கும் இடங்களில் பச்சைப் புகைக்குண்டைப் போட்டு அடையாளம் வைத்தார். இவர்களுக்கு உதவி வேண்டும் என்பது அதன் பொருள். எரிபொருள் நிரப்பிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால் புகை போட்ட இடத்தில் கிடந்தவர்கள் எல்லோரும் செத்திருந்தார்கள். காயத்தோடு கிடந்த ஒரு பெண்ணின் அருகில் ஒரு கப்டன் வந்தார், காலால் தட்டினார், சுட்டார். மூவரும் மேலே இருந்து கண்ணால் பார்த்தார்கள்.

அடுத்து ஒரு கால்வாய். நிறையப் பிணங்கள், உள்ளே அசைவும் இருந்தது. தொம்சன் இறங்கினார். அங்கிருந்த சார்ஜன்டிடம் இவர்களுக்கு உதவ முடியாதா என்று கேட்டார். லெப்டினன்ட் வில்லியம் கெலி வந்து, இது என் வேலை, நீ உன் வேலையைப் பார் என்ற விதமாகச் சொல்லி அனுப்பினார். மேலே எழும்பியதும் கால்வாய்க்குள் மறுபடி சூடு தொடங்கியது.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவர் இதுவரை செய்ததே போதும் என்று சொல்லி நாம் வீட்டுக்குப் போயிருப்போம். பார்த்தோம், கேட்டோம், மேலதிகாரி திட்டினார், திரும்பினோம். கடிதம் எழுதலாம். நான் முப்பது வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவள். அப்படிப்பட்ட கடிதங்கள் எத்தனையோ எழுதியிருக்கிறேன். அனுப்பாமல் மேசைக்குள் வைத்தவையும் உண்டு.

கிராமத்தின் மறுபக்கத்தில் கிழவர்கள், பெண்கள், பிள்ளைகள் என்று கொஞ்சப் பேர் ஒரு மண் பங்கருக்கு ஓடுகிறார்கள். பின்னால் சிப்பாய்கள் வருகிறார்கள். தொம்சன் அந்தச் சின்ன ஹெலிகொப்டரை இரு பக்கத்தாருக்கும் நடுவில் கொண்டுபோய் இறக்கினார். கோல்பேர்னிடமும் அண்ட்ரியொட்டாவிடமும் சொன்னார்: நான் அந்தச் சனத்தை வெளியே எடுக்கப் போகிறேன், நம்முடைய ஆட்கள் அவர்களையோ என்னையோ சுட்டால், நீங்கள் நம்முடைய ஆட்களைச் சுடுங்கள். அங்கே நின்ற லெப்டினன்டிடம் போய், இவர்களை எப்படி வெளியே எடுப்பது என்று கேட்டார். கைக்குண்டு போட்டுத்தான் என்று பதில் வந்தது. உங்கள் ஆட்களை அங்கேயே நிறுத்துங்கள், நான் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பங்கருக்கு நடந்தார். கையில் துப்பாக்கியைத் தூக்கவில்லை. சைகை காட்டினார். ஏறக்குறைய பத்துப் பேர் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

பத்துப் பேரை ஏற்ற அவருடைய ஹெலிகொப்டரில் இடம் இல்லை. மேலே பறந்துகொண்டிருந்த தாக்குதல் ஹெலிகொப்டர் விமானி டேன் மில்லியன்ஸ் அவருக்குத் தெரிந்தவர். இறங்கி ஏற்றிக்கொண்டு போ என்று வானொலியில் கேட்டார். போர்க்களத்தில் அந்த வகை ஹெலிகொப்டரை நிலத்தில் இறக்குவது வழக்கம் அல்ல. மில்லியன்ஸ் இறக்கினார். இரண்டு முறை வந்து எல்லோரையும் கொண்டுபோனார். அதுவரை தொம்சன் அந்தச் சனத்துக்கும் சிப்பாய்களுக்கும் நடுவில் நின்றார். ஒருவரும் சுடவில்லை.

திரும்பும் வழியில் மறுபடி அந்தக் கால்வாய். ஏதோ அசைந்தது. அண்ட்ரியொட்டா இடுப்பளவுக்குப் பிணங்களுக்குள் இறங்கி நடந்து போய் ஒரு சிறு பையனைத் தூக்கி வந்தார். உடம்பெல்லாம் இரத்தம், ஆனால் அது அவனுடைய இரத்தம் அல்ல. குவாங் ங்காய் மருத்துவமனையில் கொண்டுபோய் விட்டார்கள். பிறகு தளத்துக்குப் போய்த் தொம்சன் கத்தினார் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த முறைப்பாடு மேலே போய், சுடுவதை நிறுத்தும்படி கட்டளை வந்தது. அதற்குள் இறந்தவர்கள், வியட்நாமியக் கணக்கின்படி 504 பேர். கைப்பற்றிய ஆயுதங்கள் மூன்று.

இனிப் பதக்கத்துக்கு வருவோம். அந்தச் சிறுவன் விடயம்தானே, அதை மூடி மறைக்க முடியாது. ஆகவே தொம்சனுக்கு டிஸ்டிங்குயிஷ்ட் ஃப்ளையிங் குரோஸ் என்ற பறப்பு வீரப் பதக்கம் கொடுத்தார்கள். சான்றிதழில் என்ன எழுதியிருந்தார்கள்? கடுமையான இருபக்கச் சூட்டுக்குள் சிக்கிய ஒரு வியட்நாமியக் குழந்தையைக் காப்பாற்றினார் என்று. இருபக்கச் சூடு! சுட்டது ஒரு பக்கம் மட்டும்தான். அந்தப் பதக்கத்தை வாங்கிக்கொண்டால் அந்தப் பொய்யையும் வாங்க வேண்டும். தொம்சன் அதை வீசிவிட்டார். அண்ட்ரியொட்டா மூன்று வாரம் கழித்து ஏப்ரல் 8ஆம் திகதி வேறொரு சண்டையில் இறந்துபோனார். எதற்காக அந்தக் கால்வாயில் இறங்கினோம் என்று உலகத்துக்குச் சொல்ல அவருக்கு வாய்க்கவில்லை.

1969 நவம்பரில் செய்மூர் ஹேர்ஷ் என்ற பத்திரிகையாளர் மூலம் விடயம் வெளியே வந்தது. இராணுவப் புகைப்படக்காரர் ஒருவரின் வர்ணப் படங்களும் வந்தன. தொம்சன் விசாரணைகளில் சாட்சி சொன்னார். அப்போது ஊர் அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடியிருக்கும் என்று நினைப்பீர்கள். தன் நாட்டுச் சிப்பாய்கள் மேல் துப்பாக்கி நீட்டச் சொன்ன இந்த ஆளைத்தான் தண்டிக்க வேண்டும் என்று பேசிய அரசியல்வாதிகள் இருந்தார்கள். கொலை மிரட்டல் வந்தது. வீட்டு வாசலில் செத்த மிருகங்களைப் போட்டார்கள். அதிகாரிகள் மெஸ்ஸுக்குள் அவர் போனால் மற்றவர்கள் எழுந்து போனார்கள். கடைசியில் தண்டிக்கப்பட்டவர் கெலி ஒருவர்தான். 1971இல் ஆயுள் தண்டனை. மூன்றரை வருடம் அளவில் வீட்டுக் காவல், பிறகு விடுதலை.

தொம்சன் சும்மா இருந்தார். லூசியானாவில் முன்னாள் படையினருக்கு ஆலோசனை சொல்லும் வேலை பார்த்தார். இருபது வருடம் கழித்து டேவிட் ஈகன் என்ற ஒரு பேராசிரியர் தொலைக்காட்சியில் இந்தக் கதையைப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதத் தொடங்கினார். வருடக்கணக்காக எழுதினார். (அனுப்பாத கடிதம் பற்றிச் சற்றுமுன் சொன்னேன். இவர் அனுப்பியவர்.) இராணுவம் சம்மதித்தபோதும் சத்தமில்லாமல் கொடுத்து முடிக்கத்தான் பார்த்தது. தொம்சன் இரண்டு நிபந்தனை போட்டார். பகிரங்கமாகக் கொடுக்க வேண்டும். மூவருக்கும் கொடுக்க வேண்டும். 1998 மார்ச் 6ஆம் திகதி வொஷிங்டனில், வியட்நாமில் இறந்த அமெரிக்கர் பெயர்கள் பொறித்த கறுப்புச் சுவரின் முன்னால், சோல்ஜர்ஸ் மெடல் கொடுக்கப்பட்டது. அண்ட்ரியொட்டாவின் பெயர் அந்தச் சுவரில் இருந்தது.

அந்தப் பதக்கத்தின் விதியைக் கேளுங்கள். எதிரியோடு மோதாத சந்தர்ப்பத்தில் காட்டிய துணிவுக்குத்தான் அது வழங்கப்படும். அன்று மை லாயில் அவருக்கு எதிரே நின்றவர்கள் எதிரிகள் அல்லவே. முப்பது வருடம் கழித்து, பத்திரத்தில் சரியான விடயத்தை எழுதினார்கள்.

அதே மாதம் அவரும் கோல்பேர்னும் அந்தக் கிராமத்துக்குப் போனார்கள். அன்று காப்பாற்றப்பட்ட பெண்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் கேட்டாராம், அன்று இதைச் செய்தவர்கள் ஏன் உங்களோடு வரவில்லை, வந்திருந்தால் நாங்கள் மன்னித்திருப்போமே என்று. தன்னால் அது முடிந்திருக்காது என்று தொம்சனே பிற்பாடு சொன்னார். கால்வாயிலிருந்து எடுத்த பையனை, டோ பா என்பது அவன் பெயர், 2001இல் மீண்டும் கண்டார்கள். வளர்ந்த மனிதன். தொம்சன் 2006 ஜனவரியில் புற்றுநோயால் இறந்தபோது பக்கத்தில் இருந்தவர் கோல்பேர்ன்.

இந்தக் கதையை உயர்தர வகுப்பில் பல வருடம் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லும்போது என் மனதில் வேறொரு இடம் இருந்தது என்று ஒரு வகுப்புக்கும் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன்.

1983 ஜூலை 27. எனக்குப் பதின்மூன்று வயது. அப்பாவுக்குத் தோட்டத்து ஸ்டோரில் வேலை. தம்பிக்கு மூச்சிழுப்பு. அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு பதுளைக்கு மருந்தெடுக்கப் போயிருந்தார். பதுளை டவுனில் கடைகள் எரியத் தொடங்கியதும் கிடைத்த பஸ்ஸில் ஏறினோம். பசறைக்கு வரும் வழியில் ஒரு திருப்பத்தில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஆட்கள் நிற்கிறார்கள், இனிப் போகாது என்றார்கள். அம்மாவின் நெற்றியில் பொட்டு. அந்தத் திருப்பத்தில் ஒரு சிங்கள மாத்தயாவின் பேக்கரி இருந்தது. எங்களைத் தெரியாது. ஒருநாள் பாண் வாங்கியதுகூட இல்லை. கையைக் காட்டி உள்ளே வரச் சொன்னார். போரணைக்குப் பின்னால் மா மூட்டைகள் அடுக்கிய அறை. அதற்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்.

இரவு ஆட்கள் வந்தார்கள். தமிழ் ஆட்கள் இறங்கினார்களாமே என்று கேட்டார்கள். அவர் போரணையிலிருந்து பாண் எடுக்கும் நீளமான மரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். கதவுப் பலகை இடுக்கால் எனக்கு அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. இங்கே மா இருக்கிறது, பாண் இருக்கிறது, வேண்டுமானால் பாண் கொண்டு போங்கள் என்றார். மா தூசிக்குத் தம்பிக்கு இருமல் வந்தது. அம்மா தன் முந்தானையால் அவன் வாயைப் பொத்தினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவன் முகம் கறுத்துப் போனதை நான் பார்த்தேன். வெளியே நின்றவர்களுக்கும் ஏதோ கேட்டிருக்க வேண்டும். மாத்தயா அந்த நேரம் பார்த்துத் தானே பலமாக இருமினார். மா வேலை, இருபது வருடமாக இந்தச் சளி என்றார். அவர்கள் ஆளுக்கு ஒரு பாணை எடுத்துக்கொண்டு போனார்கள்.

விடிந்ததும் பொலிஸ் ஜீப்பில் ஏற்றிவிட்டார். அதோடு சரி. அதன்பின் நான் அந்த வழியால் ஆயிரம் தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். படிக்கப் போகும்போது, படிப்பிக்கப் போகும்போது, என் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போகும்போது. இறங்கியதில்லை. அவரிடம் போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. பிறகு வெட்கம். பிறகு நாள் கடந்துவிட்டது.

இந்த டிசம்பரில், வீதி திறந்த பிறகு, தொம்சனைப் பற்றி உங்களுக்குப் பேசக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோதுதான் எழுந்து போனேன். பேக்கரி இல்லை. அந்த இடத்தில் போன் ரீலோட் போடும் கடை. விசாரித்துக்கொண்டு மேலே வீட்டுக்குப் போனேன். மாத்தயா போய்ப் பதினொரு வருடமாம். நோனா இருந்தார், எண்பது தாண்டிய வயது. வாசலில் நின்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில், எண்பத்துமூன்றில் மா அறையில் இருந்த பிள்ளை நான் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிளேன்டீ ஊற்றி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்:

"மல்லிக்கு இப்போது எப்படி? அந்த இருமல் சுகமா?"